பனித்தரைக் கொக்கு

நவம்பர் 3

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

வணக்கம். இந்தக் கடிதத்தை உங்கள் வீட்டுக்கு அனுப்பாமல் ஆஸ்பத்திரி எக்ஸ்ரே பிரிவுக்கு ஏன் அனுப்புகிறேன் என்று உங்களுக்கே தெரியும். போன் செய்யலாம்தான். என் போன் அடித்தால் என் மகள் எடுக்கிறாள். உங்கள் போன் அடித்தால் உங்கள் மகன் எடுக்கிறார். தபால்காரருக்கு நம்மைப் பற்றி ஒன்றும் தெரியாது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிள்ளைகளைப் பற்றி எழுதப்போவதில்லை. ஜூன் மாதம் என் மகள் இரண்டு பெட்டிகளோடு உங்கள் வாசலில் இறங்கி நின்றபோது நீங்கள் சொன்னதையும், அவளை அழைத்துப்போக வந்த நான் திருப்பிச் சொன்னதையும் எழுதப்போவதில்லை. அவளும் அவரும் தனித்தனியாக இருந்து ஐந்து மாதமாகிறது. அது அவர்கள் பாடு.

எழுதுவது கொக்கைப் பற்றி. மார்ச் மாத ஜூனியர் ஆண்கள் பனிச்சறுக்கு நடன சாம்பியன்ஷிப்புக்கு அவனைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள்.

நேற்று கடையில் ஒருவரின் கால்சட்டைக்கு ஓரம் பிரித்துக்கொண்டிருந்தேன். பில் போடும் பெண் போனில் எதையோ தள்ளிக்கொண்டே வந்தாள், நடுவில் அவன் முகம். எனக்குக் கை நின்றுவிட்டது. யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. அந்தப் பெண்ணிடமே சொன்னேன். "கொக்கா? ஐஸ்ல ஏதுக்கா கொக்கு?" என்றாள். வீட்டில் சொல்ல முடியாது. அந்தப் பெயரை எடுத்தால் என் மகளுக்கு உங்கள் ஹால் ஞாபகம் வரும்.

எனக்கும் அந்த ஹால்தான் ஞாபகம் வருகிறது. அவளுக்கு ஆபரேஷன் ஆனபோது துணைக்கு வந்து இரண்டு வாரம் தங்கினேனே. நீங்கள் ஒரு மூலை, நான் ஒரு மூலை, நடுவில் மரியாதை. பேச ஒன்றுமில்லாமல் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கறுப்புச் சட்டை போட்ட பதினான்கு வயதுப் பையன் ஒருவன் பனித்தரைக்கு நடுவில் வந்து ஒற்றைக்காலில் நின்றான். "கொக்கு மாதிரி நிக்கறான் பாருங்க" என்றேன். நீங்கள் சிரித்தீர்கள். கல்யாணம் முடிந்து ஒரு வருடத்தில் நீங்கள் என்னைப் பார்த்துச் சிரித்தது அன்றைக்குத்தான்.

அவனுக்கு இப்போது பதினேழு. ஜூனியரில் இதுதான் கடைசி வருடம். உங்களுக்குத் தெரிந்திருக்கும். இருந்தாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

பதில் எழுத வேண்டும் என்று கட்டாயமில்லை. எழுதினால் கடை முகவரிக்கு எழுதுங்கள்.

இப்படிக்கு,
சம்பந்தி

*

நவம்பர் 14

சம்பந்தியம்மா,

கடிதம் வந்தது. எக்ஸ்ரே பிரிவுக்கு யாரும் கடிதம் எழுதுவதில்லை. உறையை டாக்டர் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பழக்கதோஷம்.

உங்கள் நிபந்தனைக்குச் சம்மதம். பிள்ளைகள் கிடையாது. கொக்கு மட்டும்.

தேர்வானது எனக்கும் தெரியும். அவனுடைய எல்லாப் போட்டிகளையும் சாப்பாட்டு இடைவேளையில், எக்ஸ்ரே படம் பார்க்கும் அறையில், சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்க்கிறேன். சத்தம் இல்லாமல் பார்ப்பது நல்லது. பாட்டு இருந்தால் எல்லாம் அழகாகத் தெரிந்து ஏமாற்றும். இல்லையென்றால் உடம்பு மட்டும் தெரியும்.

தெரிந்ததைச் சொல்கிறேன். அவன் சரியாக இல்லை. ஒரு வருடத்தில் ஒரு சாண் வளர்ந்துவிட்டான். இந்த வயதில் எலும்புதான் முதலில் ஓடும், சதை மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் வரும். எங்கள் படத்தில் எலும்பின் நுனியில் ஒரு மெல்லிய கோடு தெரியும். அது மூடும்வரை பையன்களுக்குத் தங்கள் கை கால் எங்கே முடிகிறது என்றே தெரியாது. மேஜையில் இடித்துக்கொள்வார்கள், டம்ளரைத் தட்டிவிடுவார்கள். இவனுக்கு அதே அவஸ்தை, பனிக்கு மேலே.

மற்ற தாவல்கள் எல்லாம் முதுகு காட்டிப் போய்க் குதிப்பது. ஆக்ஸல் ஒன்றுதான் முகத்தை நேரே வைத்துக்கொண்டு குதிப்பது. மூன்றரைச் சுற்று. போன வருடம் அதைக் கண்ணைக் கட்டிவிட்டால்கூடச் செய்வான் போலிருந்தது. இப்போது அதற்கு முன்னால் வலது தோள் கொஞ்சம் இறங்குகிறது. பயம்தான். பழைய உடம்பின் கணக்கில் புது உடம்பைத் தூக்கப் பார்க்கிறான்.

நீங்கள் அவன் சட்டையைப் பற்றி ஏன் ஒன்றும் எழுதவில்லை? எப்போதும் அதைத்தானே முதலில் சொல்வீர்கள்.

எக்ஸ்ரே

*

டிசம்பர் 6

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

சட்டையைப் பற்றிக் கேட்டீர்கள். எரிச்சலில்தான் எழுதவில்லை. அந்தச் சாம்பல் நீலம் நல்ல துணி, ஓடும்போது தண்ணீர் மாதிரி விழுகிறது. ஆனால் அக்குளில் சேர்த்தவர் யாரோ பொம்மைக்குத் தைத்திருக்கிறார். கையைத் தூக்கினால் மொத்தச் சட்டையும் கூடவே ஏறுகிறது. ஒரு சின்னத் துண்டு வைத்துத் தைத்திருந்தால் தோள் தன்பாட்டுக்குத் திரும்பும். நீங்கள் பயம் என்கிறீர்கள். பாதி பயம், பாதி தையல் என்று எனக்குப் படுகிறது.

போன வாரம் ஒரு கனவு வந்தது. பெரிய பனித்தரை, மேலே கூரை இல்லை, எங்கிருந்தோ வெளிச்சம். நான் என் மெஷினோடு நடுவில் உட்கார்ந்திருக்கிறேன். பனியில் நீளமாக ஒரு கிழிசல், அதை வெள்ளை நூலால் தைத்துக்கொண்டே போகிறேன். ஊசி இறங்கும் இடத்திலெல்லாம் சின்னச் சின்னதாகத் தண்ணீர் ஊறுகிறது. கொக்கு என்னைச் சுற்றிச் சுற்றி வருகிறான், காத்திருக்கிறான், அவசரப்படுத்தவில்லை. விழித்தபோது விரல் நுனி சில்லென்று இருந்தது. கடையில் சொன்னால் சிரிப்பார்கள். உங்களிடம் சொல்லலாம் என்று தோன்றியது.

நிபந்தனையை மீறவில்லை, நடந்ததை மட்டும் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை அவன் போட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தாள். நான் அணைக்கப் போனேன். "இருக்கட்டும்மா" என்றாள். முழுசும் பார்த்தாள். முடிந்ததும், "ரொம்ப வளந்துட்டான்ல" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

அவ்வளவுதான். மேலே ஒன்றும் கேட்காதீர்கள்.

சம்பந்தி

*

ஜனவரி 9

சம்பந்தியம்மா,

இந்த உறையில் ஒரு டிக்கெட் இருக்கிறது. பத்திரமாகப் பிரியுங்கள்.

ஞாபகம் இருக்கிறதா, போன மே மாதம் நாம் இரண்டு பேரும் சேர்ந்து வாங்கியது. உங்கள் ஊருக்கும் எங்கள் ஊருக்கும் நடுவில் இருக்கும் அந்த ஸ்டேடியத்தில் இந்த வருடம் நடக்கிறது என்று தெரிந்ததும், பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி குதித்தோம். மூன்றாம் வரிசை, பக்கத்துப் பக்கத்துச் சீட், எல்லா நாளுக்கும் சேர்த்து. அடுத்த மாதமே எல்லாம் உடைந்துபோயிற்று. இரண்டு டிக்கெட்டும் என் அலமாரியில் கிடந்தன.

இப்போது நிபந்தனையை மீறுகிறேன். திட்ட வேண்டுமென்றால் முழுக்கப் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

என் மகன் சரியாகச் சாப்பிடுவதில்லை. வேலைக்குப் போகிறான், வருகிறான், கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறான். உங்கள் பெண் அந்தப் போட்டியை முழுசும் உட்கார்ந்து பார்த்தாள் என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியை நான் பத்துத் தடவை படித்தேன். என் யோசனை இதுதான். இந்த டிக்கெட்டை அவளிடம் கொடுங்கள். என்னுடையதை அவனிடம் கொடுக்கிறேன். பக்கத்தில் இன்னொருவர் வருவார் என்று இரண்டு பேரிடமும் சொல்ல வேண்டாம். மூன்று மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்தால் ஒரு வார்த்தையாவது வராதா.

நாம் வீட்டில் பார்த்துக்கொள்ளலாம். நமக்கு வயதாகிவிட்டது, நமக்கென்ன.

எக்ஸ்ரே

*

ஜனவரி 20

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

முழுக்கப் படித்தேன். திட்டவில்லை. ஆனால் இரண்டு தடவை எழுதிக் கிழித்துப்போட்ட பிறகுதான் இதை அனுப்புகிறேன்.

நீங்கள் உங்கள் சீட்டை விட்டுக்கொடுப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும். அதை நான் சின்னதாக நினைக்கவில்லை. ஆனாலும் டிக்கெட்டைத் திருப்பி அனுப்புகிறேன்.

அவள் ஏன் வந்தாள் என்று நான் இதுவரை உங்களிடம் சொன்னதில்லை. நீங்களும் கேட்டதில்லை. வாசலில் "உங்க பொண்ணுக்குப் பொறுமை இல்ல" என்று மட்டும் சொன்னீர்கள். அவளுக்குப் பொறுமை இருந்தது. உங்கள் மகன் அவளை அடித்ததில்லை, வைததில்லை, நல்ல மனிதர். ஆனால் எதுவானாலும் முதலில் உங்களிடம்தான் சொல்வார். வீட்டுக்குப் புது வாஷிங் மெஷின் வருகிறது என்று அவளுக்கு அதைத் தூக்கிவந்த ஆள் சொல்லித்தான் தெரியும். அவருக்கு வேறு கிளைக்கு மாற்றல் ஆனதை நீங்கள்தான் டீ குடிக்கும்போது போகிற போக்கில் சொன்னீர்களாம். அவள் விழித்ததைப் பார்த்து, "ஓ, உனக்கு அவன் சொல்லலையா?" என்று கேட்டீர்களாம். அதைச் சொல்லும்போது அவள் அழவில்லை. "நான் அந்த வீட்ல விருந்தாளிம்மா. ரொம்ப நாள் தங்கிட்ட விருந்தாளி" என்றாள்.

இந்த டிக்கெட்டிலும் அதேதான் நடக்கிறது, சம்பந்தியம்மா. அவள் எங்கே உட்கார வேண்டும், யார் பக்கத்தில் உட்கார வேண்டும் என்று நீங்களும் நானும் சேர்ந்து முடிவுசெய்கிறோம். அவளுக்குத் தெரியாமல்.

கொக்கு ஒருவன்தான் நமக்குள் சுத்தமாக மிச்சம் இருந்தான். அவனையும் தூண்டிலில் மாட்டிவிட்டீர்களே என்றுதான் வருத்தம்.

தையல்காரி

*

பிப்ரவரி 12

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை, அதனால் நேரே எழுதுகிறேன்.

உங்கள் கடிதத்தை வேலைக்கு நடுவில் படித்துவிட்டேன். அடுத்து வந்தவருக்கு இடது மணிக்கட்டுக்குப் பதில் வலதைப் படம் எடுத்தேன். முப்பத்தோரு வருடத்தில் முதல் தடவை.

மூன்று வாரம் உங்கள் மேல் கோபமாகவே இருந்தேன். பிறகு அவனிடம் கேட்டேன். "எதையும் அவகிட்ட ஏன்டா முதல்ல சொல்லல?" நான் எதிர்பார்க்கவேயில்லை, அவன் எழுந்து உட்கார்ந்தான்.

"நீங்க வாசல்லயே கேப்பீங்கம்மா. செருப்பைக் கழட்டறதுக்குள்ள இன்னைக்கு என்ன ஆச்சுன்னு கேட்டுடுவீங்க. எல்லாத்தையும் சொல்லிட்டு உள்ள போனா, அவகிட்ட சொல்றதுக்கு எங்கிட்ட ஒண்ணுமே இருக்காது."

"அப்ப எங்கிட்ட சொல்லாம இருந்திருக்கலாமே."

"அதுக்கு எனக்குத் தைரியம் வரல" என்றான்.

என்னைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். அப்புறம் இன்னொரு விஷயமும் சொன்னான். அதை உங்களுக்கு எழுதப் பேனாவை எடுத்துவிட்டேன், பாதி வாக்கியம் எழுதியும் விட்டேன். பிறகு அடித்துவிட்டேன். அது உங்கள் மகள் உங்களிடம் சொல்ல வேண்டியது. நான் முந்திக்கொண்டால் பழைய தப்பைத்தான் மறுபடி செய்வேன். அவளிடம் கேளுங்கள். அவள் இப்போது சொல்ல விரும்பவில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

டிக்கெட்டை மறுபடி வைத்திருக்கிறேன். இது யாருக்கும் தூண்டில் இல்லை. உங்களுக்கு. பக்கத்துச் சீட்டில் நான் இருப்பேன். ஸ்டேடியத்துக்கு எதிரே கடிகாரக் கடைக்கு மேலே இருக்கும் விடுதியில் தங்குகிறேன். வருவதும் வராததும் உங்கள் விருப்பம்.

ஆக்ஸல் இன்னும் சரியாகவில்லை. நேற்றுப் பயிற்சியில் நான்கில் மூன்று விழுந்தான் என்று ரசிகர் பக்கத்தில் போட்டிருந்தார்கள்.

எக்ஸ்ரே

*

மார்ச் 6, காலை

(விடுதி வரவேற்பில் கொடுத்துவிட்டுப் போகிறேன்)

நேற்று நான் வந்திருந்தேன்.

ரயில் தாமதம். நான் படியேறி வரும்போது கதவை மூடிவிட்டார்கள். ஒருவர் ஆடிக்கொண்டிருக்கும்போது யாரையும் உள்ளே விட மாட்டார்களாம். காவலாளியிடம் டிக்கெட்டைக் காட்டினேன். "ரெண்டு நிமிஷம் பொறுங்க, இவன் முடிக்கட்டும்" என்றார். கண்ணாடிக் கதவுக்கு அந்தப்பக்கம் சாம்பல் நீலச் சட்டை. நம் கொக்குதான் ஆடிக்கொண்டிருந்தான். கதவுக்கு வெளியே பாட்டுக் கேட்கவில்லை. நீங்கள் சொன்னது சரிதான், சத்தம் இல்லாமல் பார்த்தால் எல்லாம் தெரிகிறது. ஆக்ஸலில் அவன் விழுந்ததும், எழுந்து சட்டையைக்கூடத் தட்டாமல் ஓடியதும், பதினான்காவது இடம் என்று பலகையில் வந்ததும், எல்லாவற்றையும் கண்ணாடி வழியாகத்தான் பார்த்தேன்.

உங்களையும் பார்த்தேன். பக்கத்துச் சீட்டில் உங்கள் கோட்டை விரித்து வைத்திருந்தீர்கள். யாரோ ஒரு பெண் அதைக் காட்டி ஏதோ கேட்டாள், நீங்கள் தலையை ஆட்டினீர்கள். அவன் விழுந்ததும் அந்தக் கோட்டை எடுத்து மடியில் வைத்து இறுக்கிக்கொண்டீர்கள். அதற்குப் பிறகு காவலாளி கதவைத் திறந்தார். நான் உள்ளே வரவில்லை. திரும்பிப் போய்விட்டேன்.

அவளிடம் கேட்டேன். சொன்னாள். கோர்ட்டில் போராடாமல் இரண்டு பேரும் உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள், விவாகரத்துக்குக் கையெழுத்தும் போட்டுவிட்டார்கள். நம் இரண்டு பேரிடமும் எப்படிச் சொல்வது என்றுதான் தள்ளிப்போட்டிருக்கிறார்கள். "உங்க ரெண்டு பேரையும் பாத்தாதான்மா பயமா இருந்துச்சு" என்றாள். நான் யாருக்காவது பயம் காட்டுகிற ஆள் என்று எனக்கு இத்தனை நாள் தெரியாது.

ஆக, நாம் இனி சம்பந்திகள் இல்லை. இரவெல்லாம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். இருந்தாலும் அவன் நாளை மூன்றரை நிமிடம் ஆட வேண்டும். நீங்கள் தனியாகப் பார்க்க வேண்டாம்.

வருகிறேன். கோட்டை எடுத்துவிடுங்கள்.

*

மார்ச் 15

தையல்காரம்மா,

ஊர் வந்து சேர்ந்து ஒரு வாரம் ஆகிறது. இன்னும் காதில் அந்தப் பனியைச் செதுக்கும் சத்தம் இருக்கிறது. எக்ஸ்ரே அறை விளக்கைப் போட்டால் கண்ணுக்கு அந்த வெள்ளைத் தரைதான் தெரிகிறது.

நீங்கள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியது எனக்குத் தெரியும். "முடிஞ்சதும் சொல்லுங்க" என்றீர்கள். நான் சொல்லவில்லை. உங்களை எழுப்பத் தோன்றவில்லை. பாதியில்தான் கண்ணைத் திறந்தீர்கள். நீங்கள் பார்க்காமல் விட்டதை எழுதிவிடுகிறேன். டிவியில் பார்த்திருப்பீர்கள், ஆனால் டிவியில் அது இல்லை.

அவன் நடுவில் வந்து நின்றதும் பின்வரிசைப் பிள்ளைகள் ஓய்ந்துவிட்டார்கள். பாட்டு ஆரம்பித்தது. முதல் தாவல் இரண்டும் சுமார்தான். பிறகு அரங்கத்தின் நீளம் முழுக்க ஒரு பெரிய வளைவு எடுத்தான். ஆக்ஸலுக்கான வளைவு. உங்கள் நகம் என் கையில் இறங்கியது அப்போதுதான். நான் அவன் வலது தோளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தோள் இறங்கவில்லை.

முகத்தை நேரே வைத்துக்கொண்டு வந்தான், குதித்தான், ஒன்றரைச் சுற்றுத்தான் சுற்றினான். எட்டு வயதுப் பிள்ளைகளுக்கு முதன்முதலில் சொல்லிக்கொடுக்கும் ஆக்ஸல். ஆனால் அவ்வளவு உயரத்தில், அவ்வளவு மெதுவாக அதை யாரும் செய்து நான் பார்த்ததில்லை. சுற்றி முடித்த பிறகும் மேலேயே இருந்தான். கையை விரித்தான். கீழே ஒரு குளம் இருக்கிறது, எங்கே இறங்கலாம் என்று பார்க்கிறவன் மாதிரி இருந்தான். பிறகு இறங்கினான். பிளேடு பனியைத் தொட்டது எனக்குக் கேட்கவேயில்லை. ஒற்றைக்காலில் பின்னோக்கி வழுக்கிப் போய்க்கொண்டே இருந்தான். அந்தச் சறுக்கல் முடியவே வேண்டாம் என்று நினைத்தேன். என் வயதில் நான் இப்படியெல்லாம் நினைப்பதில்லை.

முன்வரிசையில் ஒருவர், "பயந்துட்டான்பா, விட்டுட்டான்" என்றார். அப்படி இல்லை. முப்பது வருடமாக உடம்புக்குள் பார்க்கிறவள் சொல்கிறேன். பயந்த உடம்பு அப்படி இறங்காது. இல்லாத உடம்பை இருப்பதாகச் சொல்லி இழுத்துக்கொண்டிருந்ததை அன்றைக்கு அவன் நிறுத்திவிட்டான். அதற்குப் பிறகு நீங்களும் பார்த்தீர்கள். மிச்ச இரண்டு நிமிடமும் ஆள் இல்லாத இடத்தில் ஆடுகிற மாதிரி ஆடினான்.

ஒன்பதாவது இடம். மார்க் வந்ததும் அவன் பயிற்சியாளர் முகத்தை மூடிக்கொண்டார், அவன் அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தான். நீங்கள் அழுதீர்கள். நானும்தான், ஆனால் மூக்கைச் சிந்தி மறைத்துவிட்டேன்.

இப்போதெல்லாம் என் மகன் வீட்டுக்கு வரும்போது நான் சமையலறையில் இருந்துவிடுகிறேன். வாசலுக்குப் போவதில்லை. முதல் நான்கு நாள் அவனே திகைத்து நின்றான். ஐந்தாம் நாள் அவனாகச் சமையலறைக்கு வந்து, தண்ணீர் குடித்துவிட்டுப் போனான். எனக்கு நாக்கு அரித்தது. கேட்கவில்லை.

வாசலில் அன்றைக்கு நான் சொன்னது தப்பு. இதை நேரில் சொல்லலாம் என்றுதான் அன்றைக்கு முழுக்கப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். வாய் வரவில்லை.

எக்ஸ்ரே

*

மார்ச் 24

அக்கா,

இப்படிக் கூப்பிடலாமா என்று கேட்கப் போவதில்லை. உங்களுக்கு ஐந்து வயது கூட, அதனால் கூப்பிடுகிறேன்.

நீங்கள் எழுதிய பிறகுதான் அந்த ஒன்றரைச் சுற்றை நான் உண்மையில் பார்த்தேன். கடிதத்தைக் கடையில் மெஷின் மேல் வைத்துப் படித்தேன். படித்து நிமிர்ந்தால் ஒரு வாடிக்கையாளர் எவ்வளவு நேரமாகவோ கோட்டோடு நிற்கிறார். "எங்க போயிட்டீங்க?" என்றார்.

வாசலில் நான் சொன்னதும் தப்புத்தான். "பையனை வளக்கல, பூட்டி வெச்சிருக்கீங்க" என்றேன். அது எவ்வளவு தூரம் போய்க் குத்தும் என்று தெரிந்தே சொன்னேன்.

அன்றைக்கு உங்கள் ரயில் கிளம்பிய பிறகு எனக்கு நாற்பது நிமிடம் இருந்தது. பெஞ்சில் பக்கத்தில் இருந்த பெண், நாம் கையைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்திருப்பாள் போலிருக்கிறது. "அவங்க உங்களுக்குச் சொந்தமா?" என்று கேட்டாள். "சொந்தமாத்தான் இருந்தோம்" என்றேன். பாவம், யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டாள். தன் பையிலிருந்து ஒரு ஆரஞ்சுப் பழத்தை எடுத்துக் கொடுத்தாள். மறுக்கத் தெரியாமல் வாங்கிச் சாப்பிட்டேன். புளிப்பு. ரயில் ஏறிய பிறகும் சிரிப்பு அடங்கவில்லை, ஜன்னலில் வயல்வெளியெல்லாம் வெள்ளையாக ஓடிக்கொண்டிருந்தது, பனியா பஞ்சா என்று பார்க்காமலே தூங்கிப்போனேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, சாம்பியன்ஷிப் முடிவில் நடந்த காட்சி ஆட்டத்தை டிவியில் போடுகிறார்கள். மார்க் கிடையாது, விழுந்தாலும் யாரும் கணக்கு வைப்பதில்லை. கொக்கும் ஆடுகிறான், புதுச் சட்டையாம். எங்கள் வீட்டுக்கு வந்து என்னோடு பாருங்கள்.

அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். நாம் கடிதம் எழுதிக்கொண்டது, டிக்கெட், கதவுக்கு வெளியே நின்றது, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் காய்ந்த துணியை மடித்துக்கொண்டே கேட்டாள். "அவங்க வரட்டும்மா. உனக்காகத்தான். நான் என் ரூம்ல இருப்பேன்" என்றாள். சரி என்றேன். அவளை வற்புறுத்த எனக்கு என்ன உரிமை இருக்கிறது.

மடித்த துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கொஞ்ச நேரம் கழித்துக் கதவோரம் தலையை மட்டும் நீட்டினாள்.

"எத்தனை மணிக்கும்மா?" என்றாள்.

நான் தெரியாது என்று சொல்லிவிட்டேன். எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று நீங்களே எழுதுங்கள்.

உங்கள்
தையல்காரி